தீர்ப்புக்குப் பின்னும் நீதிபதி

கேள்வி: சிறைச்சாலை சர்க்காரின் இலாகா. தண்டனை விதிப்பதோடு நீதிபதியின் வேலை முடிந்துவிடுகிறது அல்லவா? சிறைக்குள் யார் எந்த அறையில் இருப்பது என்பதிலெல்லாம் கோர்ட்டுகள் தலையிடுவது முறையா? தலையிட்டு என்ன பயன் கண்டோம்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: சிறைகள் நமது அரசியல் சாசனப்படி மாநில சர்க்கார்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பது மெய்யே. ஆயினும் ஒரு மனிதன் சிறைக்குள் அடைக்கப்படுவது நீதிபதி கையொப்பமிட்ட வாரண்டின் பேரில்தான். அந்த வாரண்டு அவனுடைய சுதந்திரத்தை இத்தனை காலத்துக்குப் பறிக்கச் சொல்லுகிறதேயன்றி, அதற்கு மேல் அவன் அனுபவிக்கும் அடியும் பசியும் விலங்கும் எந்த நியாயஸ்தலமும் விதிக்காத தண்டனைகளாகும். தாம் விதித்த தண்டனையோடு பிறர் தம் இஷ்டப்படி வேறொன்றைச் சேர்ப்பதை நீதிபதி கேளாதிருப்பாரானால், அவர் எழுதிய தீர்ப்புக்கே மதிப்பில்லாமல் போய்விடும். ஆகவே தலையிடுவது முறை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்பதே என் துணிபு.

இந்தக் கடமையைச் சுப்ரீம் கோர்ட் உறுதியாக ஏற்றுக்கொண்டது 1978-ல். தில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாயிருந்த சுனில் பத்ரா, அப்பீல் முடியுமுன்பே தம்மைத் தனிமைச் சிறையில் வைத்தது சட்டவிரோதம் என்று முறையிட்டபோது, நீதிபதிகள் சிறைக்கே நேரில் சென்று பார்த்தார்கள்; 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம் அத்தகைய தனிமைக்கு இடங்கொடுக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தார்கள். மறு வருஷம் அதே பத்ரா, உறவினரிடம் பணம் பறிப்பதற்காக வார்டர் ஒருவர் வேறொரு கைதியைக் கொடூரமாகச் சித்திரவதை செய்ததை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்ப, ஸ்டாம்பும் வக்கீலும் இல்லாத அந்தக் கடிதமே ஆட்கொணர்வு மனுவாக ஏற்கப்பட்டது. இவ்விரண்டு வழக்குகளிலும் முக்கியமான தீர்ப்புரைகளை எழுதிய வி. ஆர். கிருஷ்ணய்யர், 1948-ல் தாமே சிறைவாசம் அனுபவித்தவர். பின்னர் கேரள மந்திரிசபையில் சிறை இலாகாவை வகித்தவர். ஜில்லா நீதிபதிகள் அடிக்கடி சிறைகளைப் பார்வையிட்டுக் கைதிகளின் குறைகளைக் கேட்க வேண்டும், புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட வேண்டும் என்ற உத்தரவுகளில் அந்த அநுபவம் பேசுகிறது என்றே நினைக்கிறேன்.

அதே 1979-ல், பீகார்ச் சிறைகளில், குற்றம் நிரூபணமானாலும் அடையக்கூடிய அதிகபட்ச தண்டனைக் காலத்துக்கும் அதிகமாக விசாரணைக் கைதிகள் அடைபட்டுக் கிடந்ததைப் பத்திரிகைச் செய்தி ஒன்றால் அறிந்து, கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் ஹுசைனாரா காத்தூன் வழக்கைத் தொடுத்தார். விரைவான விசாரணையும், ஏழைக்கு இலவச சட்ட உதவியும் ஜீவாதார உரிமையைச் சேர்ந்தவை என்று அவ்வழக்கில் நீதிபதி பகவதி நிலைநாட்டினார்.

தாங்கள் கேட்ட பயனின் அளவுக்கு வருகிறேன். பெங்களூர்ச் சிறைக் கைதி ஒருவரின் கடிதத்தின் பேரில் 1996-ல் நெருக்கடி, விசாரணைத் தாமதம், சித்திரவதை, சுகாதாரக் கேடு முதலிய ஒன்பது பிரச்னைகளைச் சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கூறியது. 2013-ல் முன்னாள் பிரதம நீதிபதி லஹோட்டி எழுதிய கடிதமோ, 1,382 சிறைகளின் அவலத்தைக் கூறி, நெருக்கடி முதலிய குறைகளை மீண்டும் முன்வைத்தது. கட்டடம் எழுப்பவும், டாக்டரை நியமிக்கவும், பணம் ஒதுக்கவும் நீதிபதி ஆணையிடலாமேயன்றித் தாமே செய்துவிட முடியாது. செய்ய வேண்டிய சர்க்கார்கள் ஆண்டுக்கணக்கில் அசிரத்தையாயிருந்தன என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

நியாயஸ்தலங்களும் எப்போதும் விழிப்பாக இருந்தன என்பதற்கில்லை. தங்கள் ஊருக்கு அருகிலுள்ள பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளை ஜாதிவாரியாகப் பிரித்து அடைப்பதாக வந்த வழக்கில், கலகத்தைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறோம் என்ற சர்க்காரின் சமாதானத்தைச் சென்னை ஹைகோர்ட் ஏற்றுக்கொண்டது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3-ஆம் தேதிதான் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தை நிராகரித்து, ஜாதிப்படி அறை ஒதுக்குவதும், துப்புரவு, சமையல் முதலிய வேலைகளைப் பங்கிடுவதும் சாசன விரோதம் என்று தீர்ப்புக் கூறியது. கைதியின் உறங்குமிடம் நீதிபதியின் கவலைக்கு உரியதே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் சிறையில் வக்கீலின்றியோ, வைத்தியமின்றியோ துன்புற்றால், ஜில்லா நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கைதியின் பெயர், சிறையின் பெயர், நேர்ந்த தீங்கு ஆகிய மூன்றையும் தெளிவாகக் குறித்து, தயங்காமல் எழுதுங்கள்.