வேலையாட்களுக்குச் சமைத்த இறைச்சிக் கறியைப் பேணும் முறை

நாற்று நடுகை, அரிவு வெட்டு, வெங்காயம் கிண்டுதல் ஆகிய வேலைகள் நடைபெறும் நாட்களிற் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே அடுப்பிற் சமைக்கவேண்டி நேரிடுகின்றது. விடியற்காலையில் எல்லோரும் வயலுக்குச் செல்லவேண்டியிருத்தலால், இறைச்சிக் கறியை முதல்நாள் இரவே ஆக்கி, சட்டியை இறுக மூடி அடுப்படியில் வைத்து, மறுநாள் சிறிது சூடாக்கி அனுப்புவோர் பலர். நன்றாகக் கொதித்த கறிக்கு என்ன கேடு வரப்போகின்றது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் இக்கேடு கறியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தொடங்குகின்றது.

குளொஸ்ரிடியம் பேர்பிரிஞ்சன்ஸ் என்னும் கிருமி மண்ணிலும் கால்நடைகளின் குடலிலும் வாழ்வது. இறைச்சியில் அது ஒட்டியிருத்தல் சாதாரணம். கறி கொதிக்கும்போது கிருமி இறந்தாலும் அதன் வித்திகள் இறப்பதில்லை. கோரைக் கிழங்கு வறண்ட நிலத்திற் கிடந்து முதல் மழையோடு முளைப்பதைக் கமக்காரர் அறிவர். அவ்வாறே, கறியின் சூடு செல்சியசு 50 பாகைக்குக் கீழே இறங்கியதும் இவ்வித்திகள் முளைக்கின்றன. 43 முதல் 47 பாகை வரையான சூடு இக்கிருமிக்கு மிக உகந்தது. அந்நிலையில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கொரு முறை ஒன்று இரண்டாகப் பெருகவல்லது. அக்கணக்கின்படி ஒரு கிருமி மூன்று மணித்தியாலத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேலாகிவிடும். மேலும் இதற்குக் காற்று வேண்டியதில்லை. கொதித்தலாற் காற்று வெளியேறிய தடித்த குழம்பின் அடிப்பகுதியே இது விரும்பும் இடம். பெரிய கிடாரம் மெதுவாக ஆறுவதால் சிறு சட்டியிலும் பார்க்க அதிலேயே ஆபத்து அதிகம்.

இங்கிலாந்தில் பெற்றி ஹொப்சு என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியோரும் இக்கிருமியால் உண்டாகும் உணவு நஞ்சேற்றம் பற்றி 1953ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். முதல்நாள் வேகவைத்து மெதுவாக ஆறவிட்ட இறைச்சியே அவர்கள் ஆராய்ந்தவற்றுட் பெரும்பாலானவற்றிற்குக் காரணமாயிருந்தது.

இத்தகைய கறியை உண்டவருக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 மணித்தியாலங்களின் பின் வயிற்று வலியும் கழிச்சலும் உண்டாகும். நண்பகலில் உண்டவர் அன்றிரவு படுக்கையில் விழுவார். ஒரு நாளில் நோய் தணிந்துவிடுவது வழக்கமெனினும், வெட்டிய கதிர் வயலிற் கிடக்க, வானம் இருண்டு வர, ஆட்கள் அனைவரும் ஒருங்கே எழும்ப இயலாதிருத்தல் சிறிய நட்டமன்று. சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கழிச்சலால் உயிராபத்தும் நேரலாம்.

மணத்தையும் சுவையையும் கொண்டு இதனைக் கண்டறிய முடியாது. கெட்ட கறி நல்ல கறி போலவே மணக்கும். மீண்டும் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பிழை. அரிவாள் வெட்டுக் காயமோ சீழ்ப்புண்ணோ உள்ள கையாற் கறியைத் தொட்டால் ஸ்ரபிலோகொக்கஸ் என்னும் வேறொரு கிருமி அதிற் சேரும். அது கறியில் விடும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஆகையாற் கையிற் புண் உள்ளவர் அன்று அகப்பை பிடியாதிருத்தல் வேண்டும்.

முதல்நாள் இரவிற் கூட்டரைத்தல், வெங்காயம் உரித்தல் முதலியவற்றை முடித்து வைத்துக்கொள்ளலாம். இறைச்சியைக் காலையில் வாங்கிக் காலையிலேயே சமைக்கவேண்டும். காலையில் இறைச்சி கிடைக்காத ஊராயின் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் போதும். வேலையாட்கள் குறை சொல்லார். இறக்கிய கறியை இரண்டு மணித்தியாலத்துள் உண்ணவேண்டும். வயல் தொலைவிலாயின், கொதிக்கக் கொதிக்கப் பாத்திரம் நிறைய ஊற்றி மூடி, வைக்கோல் அடைந்த பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லலாம். செல்சியசு 60 பாகைக்கு மேலுள்ள சூட்டில் இக்கிருமிகள் பெருகா. பரிமாறும்போது ஆவி பறக்கவேண்டும். கறி வெதுவெதுப்பாயிருந்தால் அப்பெட்டியாற் பயனில்லை.

குளிர்சாதனப் பெட்டியுள்ள வீட்டார் மீந்த கறியைக் கிடாரத்தோடு உள்ளே வைக்கலாகாது. நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் அகன்ற தட்டுகளில் ஊற்றி, தட்டுகளைக் குளிர்ந்த நீரில் இருத்திக் கிளறி ஆற்றி, இரண்டு மணித்தியாலத்துள் உள்ளே வைத்தல் வேண்டும். பெட்டியினுள் 5 பாகைக்கு மேற்படாத குளிர் இருத்தல் அவசியம். மறுநாள் உண்ணுமுன் அடிவரை கொதிக்கவைக்கவேண்டும். பெட்டியில்லாத வீட்டில் இறைச்சிக் கறியை இரவு தாண்டி வைத்திருத்தல் ஆகாது. பழைய கறியைப் புதிய கறியோடு கலத்தல் எவ்வீட்டிலும் தவறே.

கழிச்சல் கண்டவருக்கு ஜீவனியை உறையிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிறிது சிறிதாக அடிக்கடி பருகக் கொடுக்கவேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாயினாலோ, குழந்தை சோர்ந்து கண் குழிவிழுந்தாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். ஒரே உணவை உண்ட பலருக்கு நோய் கண்டால், எதனை எத்தனை மணிக்கு உண்டனர் என்பதைக் குறித்துவைத்து வைத்தியரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கூறுதல் நலம்.