ராயகிரி வீட்டுக்குக் குட்டிக் கம்ப்யூட்டர்

மினி பிசி வாங்கினால் தனி மேஜை தேவையில்லை. மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், பெரும்பாலும் கூடவே வரும் தகட்டை வைத்து அங்கேயே மாட்டிவிடலாம். மானிட்டரின் கால் அதே துளைகளில் முடுக்கப்பட்டிருந்தால் மாட்ட இடமிருக்காது. வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ உள்ள டிவியே இருந்தால் மானிட்டர் செலவும் மிச்சம்.

தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும் மாதங்களில் ராயகிரியில் கரண்ட் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். லேப்டாப் போல மினி பிசிக்குள் பேட்டரி கிடையாது. ஒரு நொடி போனாலும் சேமிக்காமல் டைப் செய்தது போச்சு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டுவைத்தால் கரண்ட் மாறும் வேகத்தில் கம்ப்யூட்டர் அணையாது. பலர் வீட்டில் அது தொடப்படாமலே கிடக்கிறது! இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். மோடத்தையும் அதிலேயே செருகுங்கள்.

ஐப்பசி இடிமழை தொடங்கும் முன்பே பிளக்கோடு நெட் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மினி பிசிக்குள் இருப்பது சின்ன விசிறிதான். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைத்தால் திணறும். சாரல் படும் ஜன்னலோரமும் வேண்டாம்.

தமிழில் எழுத விண்டோஸ் 11-லேயே தமிழ்99 இருக்கிறது. செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.