காடும் ஒரு தோட்டம்தான்

மரவள்ளி போட்டவங்க யாரும் மாவுப்பூச்சியை மறந்திருக்க மாட்டீங்க. 2020-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்டது. கொஞ்ச நாளிலேயே சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்துவிட்டது. கண்ணுக்கு எட்டின தூரம் ஒரே பயிர். பூச்சிக்கு அதைவிட என்ன விருந்து வேணும்?

அந்தப் பூச்சியின் தாயகம் தென் அமெரிக்கா. மரவள்ளியின் தாயகமும் அதுதான். அங்கே காட்டுக்குள்ளே மரவள்ளியை எப்படி வளர்க்கிறாங்க? அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு குடும்பத்தின் அனுபவம் நமக்குப் பாடமாக இருக்கும்.

பிலிப் தெஸ்கோலா, ஆன் கிறிஸ்டின் டெய்லர் இருவரும் பிரான்சைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர்கள், கணவன் மனைவி. 1976-இல் ஈக்வடார் நாட்டின் அமேசான் காட்டுக்குப் போய், அச்சுவார் என்ற பழங்குடி மக்களோடு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்கள் மொழியைக் கற்றார்கள். அவர்கள் வீட்டில் தங்கினார்கள். பெண்கள் மென்று புளிக்கவைத்துத் தரும் மரவள்ளிக் கள்ளைக் குடித்தார்கள். தோட்டங்களை அளந்தார்கள், யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்றும் குறித்துவைத்தார்கள்.

அச்சுவார் ஊரில் காட்டை வெட்டித் திருத்துவது ஆண்களின் வேலை. நடுவது, களையெடுப்பது, அறுப்பது எல்லாம் பெண்கள் கையில். ஒரு வீட்டில் இரண்டு மனைவிகள் இருந்தால் ஆளுக்கு ஒரு பாத்தி. தோட்டத்தில் முக்கியப் பயிர் மரவள்ளிதான். ஆனால் மரவள்ளி மட்டும் இல்லை. மேலே வாழை, பப்பாளி, நடுவே மரவள்ளி, கீழே சர்க்கரைவள்ளி, சேம்பு, பூசணி. மரவள்ளியிலேயே பல ரகம். கொட்டும் மழை நேராக மண்ணில் அடிக்காமல் மூன்று அடுக்கு இலைகள் தாங்கிக்கொள்கின்றன. காட்டின் அமைப்பே சின்ன அளவில் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டத்தில் களை மட்டும் இருக்காது. அந்தப் பெண்கள் அதில் ரொம்பக் கறார்.

இன்னொரு செய்தி. அந்தப் பெண்கள் மரவள்ளிச் செடிகளைத் தங்கள் பிள்ளைகளாக நினைக்கிறார்கள். தோட்டத்துக்கு நுங்குயி என்ற தாய் உண்டு. அவளை நினைத்து மனசுக்குள்ளேயே பாட்டுப் பாடுகிறார்கள். வெளியே இருக்கும் பெருங்காடும் அவர்களுக்குச் சும்மா முளைத்தது இல்லை. அது ஷகாயிம் என்ற தெய்வம் வளர்க்கும் தோட்டம். நாம் 'தரிசு', 'புதர்' என்று சொல்லுற இடத்தை, அவர்கள் இன்னொருவர் பயிர் வைத்த நிலமாகப் பார்க்கிறார்கள்.

இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சில ஆண்டுகள் கழித்துத் தோட்டத்தைக் காட்டுக்கே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வைத்த பழமரமும் பனை வகைகளும் அங்கேயே நிற்கின்றன. பல தலைமுறையாக இப்படி நடந்ததால், 'கன்னிக்காடு' என்று வெளியார் நினைத்த காட்டிலும் மனிதர் கை பட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சரி, நமக்கு என்ன பாடம்?

முதலில், எதை எடுக்கக்கூடாது என்று பார்ப்போம். அவர்கள் வெட்டி எரித்துத்தான் தோட்டம் போடுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த நிலம் நீண்ட காலம் காடாகிக் கிடந்து தேறிக்கொள்ளும். நம்ம நிலத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. அதனால் சருகைக் கொளுத்த வேண்டாம், மூடாக்காகப் போடுங்க.

அடுத்தது அடுக்கு. மரவள்ளி நட்டதும் இடையில் உளுந்தோ, நிலக்கடலையோ, சின்ன வெங்காயமோ போடலாம். மரவள்ளி இலை விரிந்து நிலத்தை மூடுவதற்குள் அது அறுவடைக்கு வந்துவிடும். வாழையும் பப்பாளியும் வரப்பு ஓரமாக, தள்ளித் தள்ளி இருக்கட்டும். நிழல் கூடினால் மரவள்ளியில் கிழங்கு இறங்காது.

மூன்றாவது ரகம். ஆலைக்குப் போகும் ரகத்தோடு, வீட்டுக்கு வேகவைக்கும் நாட்டு ரகங்கள் இரண்டு மூன்றாவது பத்து சென்டில் இருக்கட்டும். குச்சியை அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்க. ஆனா ஒண்ணு, பூச்சியோ தேமல் நோயோ உள்ள செடியிலிருந்து குச்சி எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

இதெல்லாம் செய்தால் மாவுப்பூச்சி வராது என்று சொல்ல வரவில்லை. வந்தாலும் வீட்டில் உலை கொதிக்கும். ஒரே பயிரை நம்பினவனுக்கு அந்த உறுதி கிடையாது.

கடைசியாக ஒன்று. நம்ம வீட்டில் எந்தக் குச்சி நல்ல குச்சி, எந்தக் கிழங்கு மாவாக வேகும் என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் அம்மாவுக்கோ அப்பத்தாவுக்கோதான். அடுத்த நடவுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒருமுறை உட்கார்ந்து கேளுங்க. அந்தத் தம்பதி மூன்று வருஷம் காட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். நமக்குத் திண்ணை வரை போனால் போதும்.