தொழிலாளர் உடை: கஞ்சுகமும் மெய்ம்மறையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது சிறாரும் அறிந்ததே. இவற்றுள் உடையைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பட்டின் மென்மையையும், அரசர் அணிந்த ஆடையின் சிறப்பையுமே எடுத்துரைப்பர். உழைப்பவன் உழைக்கும்பொழுது அணிவது யாது, அஃது அவனைக் காக்கின்றதா, அதற்குப் பொருள் கொடுத்தவர் யாவர் என்று வினவுவோர் அரியர். அவ்வினாக்களை எழுப்பி, இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலுடை இருவகைப்படும். அணிந்தவன் இன்னான், இன்னாரிடத்துப் பணி செய்வோன் என்று காண்போர்க்கு அறிவிப்பது ஒன்று. அணிந்தவனுடைய மெய்யைத் தீ, நஞ்சு, நோய், இயந்திரம் முதலியவற்றினின்று காப்பது மற்றொன்று. முன்னதை அடையாள உடை என்றும், பின்னதைக் காப்புடை என்றும் வழங்குவோம். நம் நாட்டு வரலாற்றை ஆராயின், முன்னது தாராளமாக வழங்கப்பெற்றதும் பின்னது தயங்கித் தயங்கியே வந்ததும் புலனாகும்.

பண்டை நூல்களிற் காண்பன

சேரன் செங்குட்டுவனைக் காண வந்தோருள் கஞ்சுக முதல்வர் ஆயிரவர் இருந்தனர் என்று சிலப்பதிகாரம் கூறும். கஞ்சுகம் என்பது சட்டை. அது பதவியின் அடையாளம். அரசன் பாசறையைக் காத்த யவனர் மெய்ப்பை அணிந்திருந்தனர் என்பது முல்லைப்பாட்டாற் போதரும். இனி, மெய்யை மறைத்துக் காக்கும் கவசத்திற்கு மெய்ம்மறை என்று பெயர். தம் வீரர்க்குக் கவசம்போல் முன்னின்ற சேர மன்னரைப் பதிற்றுப்பத்து இச்சொல்லாற் புகழ்கின்றது. எனவே கஞ்சுகம் அரசவைக்கும், மெய்ம்மறை போர்க்களத்திற்கும் உரியனவாயின.

வயலிலும் சாலையிலும் உழைத்தோர் நிலை யாது? அவர்கள் தமக்கு வேண்டிய காப்பைத் தாமே செய்துகொண்டனர். பாரம் தலையை அழுத்தாதிருக்கத் துணியைச் சுருட்டி வைத்தது சும்மாடு. வெயிலைத் தாங்கவும் வியர்வையைத் துடைக்கவும் உதவியது முண்டாசு. சேற்றில் இறங்குமுன் வேட்டியை வரிந்து கட்டியது தார்ப்பாய்ச்சு. சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்து மழைக்குத் தலையில் இட்டுக்கொண்டது கொங்காணி. இலங்கையின் தேயிலை மலைகளுக்குச் சென்ற நம் மக்கள் குளிருக்குக் கம்பளியும், தேயிலைச் செடியின் கிளைகள் கிழிக்காதிருக்க இடுப்பிற்குப் படங்கும் கட்டினர். இவை எளியவையே. ஆயினும் ஒவ்வொன்றும் தொழிலின் துன்பத்தை அறிந்த கை கண்டுபிடித்தது என்பதை நாம் மறத்தலாகாது.

காக்கியின் கதை

இக்காலத்து அடையாள உடைகளுள் தலையாயது காக்கி. பாரசீக மொழியில் 'காக்' என்பது புழுதியைக் குறிக்கும். 1846-ஆம் ஆண்டிற் பெஷாவரில் லம்ஸ்டன் என்னும் படைத்தலைவர் திரட்டிய கைட்ஸ் படையினரே புழுதி நிற உடையை முதலில் பூண்டனர். பகைவர் கண்ணுக்கு எளிதிற் புலப்படாமை அதன் பயன். மங்களூரில் பாசல் மிஷன் சங்கத்தார் நடத்திய நெசவுச்சாலையில் ஹாலர் என்பார் அந்நிறத்திற்கு ஏற்ற சாயம் கண்டார் என்னும் புகழும் உண்டு. பின்னர்க் காக்கி படையினின்று காவலர்க்கும், அஞ்சற்காரர்க்கும், வண்டியோட்டிகளுக்கும் பரவியது.

சென்னைக்கும் இக்கதையில் பெரும்பங்கு உண்டு. பெரம்பூரில் 1870-களிலும் 1880-களிலும் எழுந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் காக்கித் துணியாற் பெயர் பெற்றவை. 1996-இல் மூடப்படும்வரை சென்னையின் சிறந்த அடையாளங்களுள் ஒன்றாக விளங்கியவை. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் அவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டே தோன்றியது. இன்று ஆவடியில் 1961-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற உடைத் தொழிற்சாலை படையினர்க்கு உடை தைக்கின்றது. பிறர் மெய்க்கு உடை நெய்தும் தைத்தும் வந்த நகரம் நம் நகரம் என்பது பெருமையே. நெய்தவர் மெய்யை எது காத்தது என்பதே அடுத்த வினா.

காப்புடை பிறந்த வகை

இவ்வினாவை மேனாட்டில் முதலில் எழுப்பியவர் மருத்துவர். 1775-இல் இலண்டன் மாநகரத்து அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் ஏழைத் தொழிலாளர்க்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று நிறுவினார். ஒரு தொழிலே புற்றுநோயை விளைக்கும் என உலகம் அறிந்தது அப்பொழுதுதான். நூறு ஆண்டுகளுக்குமேற் கழிந்து, 1892-இல் ஹென்றி பட்லின் என்பார் மற்றோர் உண்மையை வெளியிட்டார். ஜெர்மனி முதலிய நாடுகளில் இதே தொழிலைச் செய்வோர்க்கு அந்நோய் அரிதாயிருந்தது. அவர்கள் தலை முதல் கால்வரை மூடும் இறுக்கமான உடை அணிந்தனர், நாள்தோறும் நீராடினர். தொழில் ஒன்றே, கரி ஒன்றே. இருசாரார்க்கும் இடையே நின்ற வேறுபாடு ஓர் உடையும் சிறிது நீரும்.

இதன்பின் காப்புடைகள் பல தோன்றின. முதல் உலகப் போரிலிருந்து மீண்ட புல்லார்டு என்னும் அமெரிக்கர், போர்வீரர் தலைக்கவசத்தைக் கண்ட நினைவால், 1919-இல் சுரங்கத் தொழிலாளர்க்கு முரட்டுத் துணியும் பசையும் கொண்டு தலைக்கவசம் ஆக்கினார். பினாங்கிற் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, 1910-11-இல் மஞ்சூரியாவிற் கொள்ளைநோய் பரவியபொழுது, மெல்லிய துணியையும் பஞ்சையும் அடுக்கி முகத்தை மூடச் செய்தார். அதனை அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சின்னாளில் அந்நோய்க்கே இரையானார். கற்றவரும் காப்புடையை இகழ்வர் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி ஆலைகளை நோக்குவோம். அக்காலத்து ஆலைகளில் ஒரே இயந்திரத்தின் விசை, சுழலும் நீண்ட தண்டுகளாலும் தோற்பட்டைகளாலும் எல்லாப் பொறிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பட்டையின் அருகே வேட்டியின் ஒரு முனை பறப்பினும் போதும். துணியைப் பற்றிய பட்டை ஆளையும் இழுத்துவிடும். இயந்திரங்களைச் சுற்றி வேலியிடவேண்டும் என்று 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கூறிற்று. ஓடும் இயந்திரத்தை அணுகுவோன் இறுக்கமான உடை அணியவேண்டும், அதனை ஆலையை நடத்துவோரே வழங்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 'ஆலையை நடத்துவோரே வழங்கவேண்டும்' என்னும் பகுதியை யாம் பெரிதும் மதிக்கின்றோம். காப்பு என்பது தொழிலாளி தன் கூலியில் வாங்கும் பண்டமன்று. தொழிலின் செலவுகளுள் ஒன்று என்பதை அது நாட்டியது.

தேனாம்பேட்டையிற் காணும் காட்சி

இவ்வரலாறு முழுவதையும் ஒரே இடத்திற் காண விழைவோர் தேனாம்பேட்டைக்குச் சென்றால் போதும். அண்ணா சாலையிற் காக்கி அணிந்த காவலரும் ஆட்டோ ஓட்டுநரும் அடையாள உடைக்குச் சான்றாவர். அங்கிருந்து சைதாப்பேட்டை நோக்கி 2024-இல் தொடங்கிய மேம்பாலப் பணியில், தலைக்கவசமும் ஒளியை மீட்டெறியும் பட்டைகள் தைத்த மேற்சட்டையும் அணிந்து உழைத்தோர் காப்புடைக்குச் சான்றாவர். மருத்துவப் பணிகள் இயக்ககமும் தொழிலாளர் ஆணையர் அலுவலகமும் அப்பகுதியில் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளமை கருதத்தக்கது. உடல்நலமும் தொழிலும் அண்டை வீட்டார் அல்லரோ!

2020-ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றில் இவ்வுண்மை வெளிப்பட்டது. உடல் முழுதும் மூடும் மருத்துவ அங்கிகளை அதற்குமுன் நம் நாடு பெரும்பாலும் பிறநாடுகளினின்றே பெற்று வந்தது. அவ்வாண்டிலோ திருப்பூர், கோவைத் தையற்சாலைகள் அவற்றைத் தைக்க முற்பட்டன. கோவையிலுள்ள தென்னிந்திய நெசவாராய்ச்சிக் கழகம், குருதி போன்ற நீர்மம் துணியை ஊடுருவுமா என்று சோதித்துச் சான்று அளித்தது. ஆயினும் சென்னைக் கோடையில் அவ்வங்கிக்குள் பல மணிநேரம் நின்ற செவிலியர் வியர்வையால் நனைந்து சோர்ந்தனர். குளிர்நாட்டு உடலுக்கு வகுத்த காப்பை அவ்வாறே நம் வெயிலுக்குக் கொணர்தல் தகாது. கையுறையைக் கழற்றி வைக்கும் தொழிலாளியை அறியாதவன் என்று கடிந்துரைப்போர், அதனைத் தாம் ஒரு நண்பகல் அணிந்து பார்த்தல் நலம்.

உடை மட்டும் போதாது

மாநகராட்சியின் ஒன்பதாம் மண்டலம் தேனாம்பேட்டையின் பெயரையே தாங்கியுள்ளது. அங்கும் பிற மண்டலங்களிலும் தெருவைத் தூய்மை செய்வோரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி உயிர்நீத்தோரை நாம் காண்பதில்லை, செய்தித்தாளிற் படிக்கின்றோம். அக்குழியில் உண்டாகும் ஒருவகை நச்சுக்காற்று முதலில் அழுகிய முட்டைபோல நாறும். மிகுந்தபொழுது மூக்கின் உணர்ச்சியையே மழுக்கிவிடும். நாற்றம் நீங்கியது என்று எண்ணியவன் உயிர் நீங்குவான். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு அங்கே எள்ளளவும் பயன்படாது.

காப்புக் கருவியின்றி ஒருவரை அத்தகைய குழியில் இறக்குதலை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இறந்தோர் குடும்பத்திற்குப் 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தபின் கொடுக்கும் பொருள் எவ்வளவு உயரினும், இறவாமற் காத்தலுக்கு ஈடாகாது. காப்புடையைக் காட்டி மனிதனைக் குழிக்குள் அனுப்புதலும் அறமன்று. இயந்திரத்தாற் செய்யக்கூடியதை இயந்திரத்தாற் செய்வித்து, எஞ்சிய இடத்திற்கே காப்புடையை நாடுதல் முறையாகும்.

தமிழ் பயிலும் எமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. முன்னாளில் வேந்தர்க்கும் வீரர்க்குமே உரியதாயிருந்த 'கவசம்' என்னும் சொல், இன்று தலைக்கவசம், முகக்கவசம் என்று கொத்தனார்க்கும் செவிலியர்க்கும் உரியதாயிற்று. சொல் இறங்கி வந்துவிட்டது. பொருளும் அதனைத் தொடர்ந்து வருதல் வேண்டும். நம் கல்லூரியினின்று வெளியேறுவோருட் சிலர் பொறியாளராவர், சிலர் மருத்துவராவர், சிலர் பலரை வேலைக்கு அமர்த்துவோராவர். நண்பர்காள்! ஒருவர்க்கு நீவிர் உடை வழங்கும் நாளில், அஃது எம் நிறுவனத்தின் பெயரைக் காட்டுகின்றதா என்று மட்டும் பாராதீர். அவர் மெய்யைக் காக்கின்றதா என்று பாருங்கள், அவரையே கேளுங்கள். கஞ்சுகம் கொடுப்பது எளிது. மெய்ம்மறை கொடுப்பதே கடமை.