சிங்கப்பூர்: பெர்மிட்டா, எஸ் பாஸா, ஈ பாஸா?

"எஸ் பாஸ் இருக்கு, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், பணத்தை மட்டும் ரெடி பண்ணுங்க" என்று ஏஜென்ட் சொன்னதுமே தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் நிலப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. சிங்கப்பூர் வேலை அனுமதிகளில் ஒர்க் பெர்மிட்டைவிட எஸ் பாஸ் உசத்தி, அதைவிட ஈ பாஸ் உசத்தி என்ற எண்ணம் ஊருக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் படிப்புக்கும் கைக்கு வரப்போகிற உண்மையான சம்பளத்துக்கும் எது பொருந்துகிறதோ அதுதான் உசத்தி. சம்பளத்தைக் கூட்டி எழுதி வாங்கிய எஸ் பாஸைவிட நேர்மையான பெர்மிட் எவ்வளவோ மேல்.

பெர்மிட்டில் நம் ஆட்கள் பெரும்பாலும் போவது கட்டுமானம், ஷிப்யார்ட், பிராசஸ் வேலைகளுக்கு. இவற்றில் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் எதையும் விதிக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் கம்மியாகத்தான் இருக்கும், ஓவர்டைம்தான் தூக்கி நிறுத்தும். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு உண்டு. ஆனால் மாதத்துக்கு 72 மணி நேரம் வரைதான் என்பது பொது விதி. ஆகவே "எல்லாம் சேர்த்து இவ்வளவு வரும்" என்ற பேச்சைக் காதில் வாங்காமல், அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கடனை எப்போது அடைக்கலாம் என்று பாருங்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது, பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கேட்க முடியாது. அதே சமயம் வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டும் லெவி, 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகை, மருத்துவக் காப்பீடு, தங்குமிடம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்ற உச்சவரம்பும் 2025 ஜூலையில் போய்விட்டது, 63 வயது வரை வேலை பார்க்கலாம். இந்தியச் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர்களுக்கும் 2023 செப்டம்பரிலிருந்து பெர்மிட் கதவு திறந்திருக்கிறது. அவர்களுக்குக் குறைந்தது 2,000 வெள்ளி தர வேண்டும்.

ஏமாற்று அதிகம் நடப்பது எஸ் பாஸில். 2025 செப்டம்பரிலிருந்து இதற்கு மாதம் 3,300 வெள்ளி குறைந்தபட்சம். வயது ஏற ஏற அந்த அளவும் ஏறி, 45 வயதுக்காரருக்கு 4,800 ஆகிறது. நிதித்துறையில் இன்னும் கூடுதல். இது போக ஒவ்வொரு ஆளுக்கும் கம்பெனி மாதம் 650 வெள்ளி லெவி கட்ட வேண்டும். ஆட்களின் எண்ணிக்கைக்கும் கோட்டா உண்டு: சேவைத் துறையில் 10 சதவீதம், கட்டுமானத்தில் 15. கிட்டத்தட்ட 4,000 வெள்ளியைக் கொட்டி, பெர்மிட் ஆள் செய்கிற அதே வேலைக்கு உங்களை ஏன் எடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஏஜென்டிடம் ஒழுங்கான பதில் இல்லையென்றால் விஷயம் இப்படித்தான் போகும்: சம்பளத் தேதியில் 3,300 வங்கியில் ஏறும், அன்று சாயங்காலமே அதில் ஒரு பெரும் பங்கை எடுத்துச் சூப்பர்வைசர் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவதும் தனிக் குற்றம், தெரிந்தே அதற்கு உடன்பட்டால் நீங்களும் மாட்டுவீர்கள்.

டிப்ளமோவும் அனுபவமும் கையில் இருந்து, சம்பளமும் உண்மையென்றால் எஸ் பாஸ் நல்ல வழிதான். வேறு கம்பெனி எடுத்தால் பழைய முதலாளியின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிஆருக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 6,000 வெள்ளி தொட்டால் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம். ரூம் வாடகை யார் தலையில் என்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஈ பாஸுக்கு லெவியும் இல்லை, கோட்டாவும் இல்லை. 2025 தொடக்கத்திலிருந்து குறைந்தது 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. கூடவே காம்பஸ் என்ற மதிப்பெண் முறையில் 40 எடுக்க வேண்டும். இதில் பாதி உங்கள் கையில், பாதி கம்பெனி கையில். சான்றிதழ் சரிபார்க்கப்பட்ட சாதாரண டிகிரிக்கு 10, அந்தத் துறையின் உள்ளூர் ஊதியத்தோடு ஒப்பிட்டுச் சம்பளத்துக்கு 20 வரை. ஆனால் அந்தக் கம்பெனியின் நிபுணர், மேலாளர் பணிகளில் கால்வாசியோ அதற்கு மேலோ இந்தியர்களாக இருந்தால், பல நாட்டவர் என்ற பிரிவில் உங்களுக்குச் சைபர். ஆகவே நம்மவர்கள் குவிந்திருக்கும் ஐடி கம்பெனியைவிட, நீங்களே முதல் இந்தியராக நுழைகிற கம்பெனியில் பாஸ் கிடைப்பது சுலபமாக இருக்கலாம். பிஆர் வரை யோசிப்பவர்கள் ஒன்றை வீட்டில் பேசி முடிவெடுங்கள்: பெற்றோர் வழியாகப் பிஆர் பெறும் மகன் தேசிய சேவைக்குப் போயாக வேண்டும்.

எந்தப் பாஸானாலும் ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். பெர்மிட் ஐபிஏ தமிழிலும் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் ஆகிய மூன்று வரிகளையும் விரல் வைத்துப் படியுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகை அந்தத் தாளில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிங்கப்பூர் ஏஜென்ட் உங்களிடம் வாங்கும் கட்டணம், ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதம் என்பதைத் தாண்டக் கூடாது. ஊர் ஏஜென்டின் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். போன பிறகு சம்பளம் பாக்கி விழுந்தால் டாட்எம் (TADM) என்ற அமைப்பில் முறையிடலாம். வேலையில் இருக்கும்போது ஓர் ஆண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். சம்பளச் சீட்டுகளை மாதாமாதம் போனில் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.