கறுப்புத் திரையின் கேள்விகள்

அன்புள்ள தம்பி,

பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் ஒரு தளம் தொடங்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். டைப்ஸ்கிரிப்ட் வேண்டுமா, இஎஸ்லின்ட் வேண்டுமா, டெயில்விண்ட் வேண்டுமா என்று டெர்மினல் அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறது. 'இம்போர்ட் ஏலியஸ்' வந்ததும் லெப்டொப்பை மூடிவிட்டீர்கள். இதுகூடத் தெரியாதவனுக்கு இந்த வேலை சரிவருமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகச் சரிவரும். டெர்மினல் கேட்டவை, ஏற்கனவே நாலைந்து தளம் கட்டியவர் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகள். பெரட்டுக்கு முதல் நாள் வரும் பிள்ளையிடம் இந்த மலையை எப்போது கவ்வாத்து வெட்டலாம் என்று கங்காணி கேட்பாரா? நிரையைக் காட்டிக் கொழுந்தெடுக்கச் சொல்வார்.

கருவி செய்பவர்களுக்கும் இது தெரியாததல்ல. 2016இல் பேஸ்புக் வெளியிட்ட 'கிரியேட் ரியாக்ட் ஆப்' எதையுமே கேட்காது. பெயரைக் கொடுத்தால் போதும். வெப்பேக், பேபல் போன்ற கருவிகள் எல்லாவற்றையும் உள்ளே மறைத்துக்கொள்ளும். சிக்கல் பிறகுதான். ஒரு சிறு அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் 'இஜெக்ட்' கட்டளை கொடுக்க வேண்டும். உள்ளே இருந்ததெல்லாம் உங்கள் தலையில் வந்து கொட்டும், திரும்ப உள்ளே போகாது. 2025 பெப்ரவரியில் ரியாக்ட் குழுவே 'கிரியேட் ரியாக்ட் ஆப்'பைக் கைவிட்டது. ஆகவே எதையும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு தளத்தை அமைத்துத் தரும் விசார்ட்தான் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். பிறகு மாற்றக் கடினமானதை மட்டும் கேட்கட்டும், மற்றதைத் தானே முடிவுசெய்யட்டும்.

உங்களைத் தடுத்த ஏலியஸையே பாருங்கள். அது ஒரு கோப்பில் ஒற்றை வரி, எப்போதும் மாற்றலாம். டைப்ஸ்கிரிப்டையும் பின்னர் சேர்க்கலாம். ஆப் ரவுட்டரா, பேஜஸ் ரவுட்டரா என்பதுதான் பின்னால் வேலை வாங்கும். இவை மூன்றையும் ஒரே குரலில் கேட்டதுதான் பிழை. 2025 ஒக்டோபரில் வந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் 16, பரிந்துரைத்த அமைப்பே போதுமா என்று முதலில் கேட்டுவிடுகிறது. கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம். அந்தப் பதிப்பில் தொடங்கி என்டரை அழுத்துங்கள், போதும்.

எந்த விசார்ட்டும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உங்களிடம் எவ்வளவு டேட்டா மிச்சம் இருக்கிறது? தளத்துக்கு வேண்டிய பொதிகள் இறங்கும் 'நோட் மொடியூல்ஸ்' கோப்புறை நூற்றுக்கணக்கான மெகாபைட்டுக்கு வீங்கக்கூடியது. சிக்னலுக்காக லயத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிறவருக்கு அது ஒரு ரீலோட்டையே விழுங்கிவிடும். அதனால் பொதிகளை இறக்க பிஎன்பிஎம் என்ற கருவியைப் பாவியுங்கள். ஒரு பொதியை ஒருமுறை இறக்கினால் கணினியில் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த தளத்துக்கும் அதையே எடுத்துக்கொடுக்கும். முதல் முறை இறக்குவதைப் பதுளை டவுனுக்குப் போகும் நாளில், நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்