விலைப் படத்தில் அலைகளை எண்ணுவது எப்படி?

ஷேர் மார்க்கெட்டில் ஆர்வம் உள்ளவர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தால், அவர் முதலில் தேடிப் பார்ப்பது விலைப் படங்களைத்தான். ஏறி இறங்கும் கோட்டின் மேல் 1, 2, 3 என்று எண்களும், ஏ, பி, சி என்று எழுத்துகளும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை எதைக் குறிக்கின்றன? நாமே சரிபார்க்க முடியுமா? பார்ப்போம்.

எலியட் அலை

ரால்ஃப் நெல்சன் எலியட் என்ற அமெரிக்கக் கணக்கர் 1930களில் பங்குச் சந்தையின் பழைய விலைகளை ஆராய்ந்தார். 1938-ல் 'தி வேவ் பிரின்சிபிள்' என்ற நூலை வெளியிட்டார். அவர் சொன்னது இதுதான்: ஏறும் சந்தை ஐந்து அலைகளில் ஏறும், பிறகு மூன்று அலைகளில் இறங்கும். 1, 3, 5 ஏறும் அலைகள். 2, 4 நடுவில் வரும் இறக்கங்கள். கடைசி மூன்றும் ஏ, பி, சி.

எண்ணும்போது மூன்று விதிகளை மறக்கக் கூடாது. விலை 100-லிருந்து 120-க்கு ஏறியது முதல் அலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டாம் அலை 100-க்குக் கீழே இறங்கக் கூடாது.
2. 1, 3, 5 ஆகியவற்றில் மூன்றாம் அலை மிகச் சிறியதாக இருக்கக் கூடாது.
3. நான்காம் அலை, பொதுவாக, 120-க்குக் கீழே வரக் கூடாது.

இறக்கம் எவ்வளவு இருக்கும் என்று கணிக்க, ஏற்றத்தில் 38.2 அல்லது 61.8 சதவீதம் என்ற ஃபிபோனாச்சி விகிதங்களைப் பயன்படுத்துவார்கள்.

எக்செலில் செய்து பாருங்கள்

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். ஏ1 செல்லில் தேதி, பி1 செல்லில் நிஃப்டி என்று டைப் செய்யுங்கள். கீழே வரிசையாக இவற்றைக் கொடுங்கள் (தசமங்களை விட்டுவிட்டேன்):

24-03-2020 — 7511
19-10-2021 — 18604
17-06-2022 — 15183
01-12-2022 — 18887

தேதி செல்லின் இடது ஓரமாக நின்றால் கம்ப்யூட்டர் அதைத் தேதியாக ஏற்கவில்லை என்று அர்த்தம். கன்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குப் போய் நாள்-மாதம்-ஆண்டு என மாற்றிவிட்டு மீண்டும் டைப் செய்யுங்கள். பிறகு எல்லாவற்றையும் செலக்ட் செய்து, இன்செர்ட் மெனுவில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்தால் படம் தயார்.

இனி கணக்கு. ஒரு காலி செல்லில் =பி3-(பி3-பி2)*0.382 என்ற ஃபார்முலாவை, செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்து, என்டர் தட்டுங்கள். 14366 என்று வரும். அதாவது, 38.2 சதவீத விதியை நம்பியவர் நிஃப்டி 14366-க்கு இறங்கட்டும் என்று காத்திருப்பார். ஆனால் 2022 ஜூனில் 15183-லேயே இறக்கம் நின்றது. அது ஏற்றத்தில் சுமார் 31 சதவீதம்தான். டிசம்பரில் நிஃப்டி புதிய உச்சத்தில் இருந்தது. காத்திருந்தவர் காத்திருந்ததுதான் மிச்சம்.

எங்கே தவறுகிறோம்?

ஒவ்வொரு அலைக்குள்ளும் சிறிய அலைகள் உண்டு என்கிறார் எலியட். அதனால் ஒரே படத்தை இருவர் இரண்டு விதமாக எண்ணலாம். முடிந்த படத்தை எண்ணுவது சுலபம்; நடந்துகொண்டிருக்கும் படத்தை எண்ணுவதுதான் கஷ்டம்.

என் கதையே உதாரணம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நான்காம் அலை முடிந்துவிட்டது என்று நம்பி ஒரு கம்பெனியின் 200 பங்குகளை 225 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் அலையின் உச்சி 212. விலை அதற்குக் கீழே வந்தது. விதிப்படி என் எண்ணிக்கை அன்றே தவறு. நான் விற்கவில்லை, படத்தில் இருந்த எண்களை அழித்துவிட்டு, 'இது இரண்டாம் அலைதான்' என்று மாற்றி எழுதினேன். 190-ல் இன்னொரு முறை மாற்றினேன். கடைசியில் 150-க்கு விற்றபோது, தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் 15,000 ரூபாய் போயிருந்தது. 212-ல் விற்றிருந்தால் நஷ்டம் 2,600 ரூபாயோடு நின்றிருக்கும்.

எனவே அலையை எண்ணும்போதே, 'எந்த விலை வந்தால் என் எண்ணிக்கை தவறு?' என்று பக்கத்துச் செல்லில் எழுதி, தேதி போட்டு சேவ் செய்யுங்கள். பிறகு அதைத் திருத்தாதீர்கள். ஆறு மாதம் பணம் போடாமல் இப்படியே எழுதி வந்தால், உங்கள் எண்ணிக்கை எத்தனை முறை சரியாக இருந்தது என்று ஷீட்டே சொல்லிவிடும்.

ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர் என்று 2024-ல் செபி அறிவித்தது. அவர்களிடமும் விலைப் படங்கள் இருந்திருக்கும்.